இடமாகச் சுழலும் தட்டு

சனிக்கிழமை கோயம்புத்தூருக்கு லாரி போகிறது, அரவை மெஷினின் தட்டு இரண்டையும் கழற்றி அதில் ஏற்றிவிடலாம் என்று ராஜாராம் சொன்னபோது, சிவரஞ்சனி ஒரு கண்ணாடி டம்ளரை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தாள். டம்ளர் நிறையத் தண்ணீர். அதில் ஒரு சிட்டிகைக் கூழ். நன்றாக அரைபட்ட கூழ் என்றால் தண்ணீரோடு சேர்ந்து பனிமூட்டம் மாதிரி நிற்கும். இது நிற்கவில்லை. அரைபடாத நார்க்கட்டுகள், மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை போலத் திரிதிரியாக அடியில் போய்ப் படுத்தன.

“ஏத்தி அனுப்பி?” என்றாள், டம்ளரை இறக்காமல்.

“உருக்கிருவாக. வேறென்ன செய்ய? பழைய மாதிரித் தட்டே ஒரு சோடி வரச் சொல்லிட்டேன்.” ராஜாராம் அவளைப் பார்க்காமல் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துப் பேசினார். “நான் என்ன ஆசைப்பட்டா சொல்றேன்? சீசன் ஏறிப்போச்சு. ஏலக்காய்க் கடைக்காரன் பூராம் அட்டை எங்க, அட்டை எங்கங்கிறான். நேத்துப் போன அட்டையை என் கண்ணு முன்னாடி கையாலயே பிச்சுக் காட்டுறான் ஆத்தா, அப்பளம் மாதிரி.”

ராஜாராம் அவளுடைய உடன்பிறந்த அண்ணன். மில் அவருடையது. தட்டுகளை வடிவமைத்தவர் அவளுடைய கணவர் யோகராஜ். அவர் இறந்து மூன்று மாதமாகிறது.

“மாப்ளே கெட்டிக்காரருதான். இல்லேங்கல,” என்றார் ராஜாராம், குரலைத் தணித்துக்கொண்டு. “கெட்டிக்காரனுக்கும் ஒரு தரம் கை தப்பும்ல.”

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு அது முள்ளாகத் தைத்தது. கணவர் போனதற்கு ஊர் முழுக்க வந்து அழுதது. அவர் கடைசியாகச் செய்த வேலை தப்பு என்பதற்கு அழ இடமில்லை. அதைத் தனியாகத்தான் தாங்க வேண்டும்.

மில் போடியிலிருந்து முந்தல் போகும் சாலையில் இருந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் வாழைத் தோட்டங்களில் தார் வெட்டிய பின் சாய்க்கிற மரங்களின் நாரும், மலைத் தோட்டங்களில் காய்த்து ஓய்ந்ததும் வெட்டிக் கழிக்கிற ஏலத்தண்டும்தான் சரக்கு. அவித்து, அரைத்து, கூழாக்கி, வடித்துக் காயவைத்தால் முரட்டு அட்டை. ஏலக்காய்ப் பெட்டிக்குள் நான்கு பக்கமும் கொடுக்கிற அட்டை அது. ஈரத்தை உறிஞ்சும், நசுங்காது என்று பெயர் எடுத்திருந்தது.

அவிப்பதையும் வடிப்பதையும் யாரும் கற்றுக்கொள்ளலாம். அட்டையின் உயிர் அரவையில் இருந்தது. அரவை மெஷின் என்பது எதிரெதிரே நிற்கும் இரண்டு வட்டமான இரும்புத் தட்டுகள். ஒன்று மெஷினின் கதவோடு அசையாமல் நிற்கும். மற்றதை மோட்டார் சுழற்றும். நடுவிலிருக்கும் துளை வழியாகக் கூழ் நுழையும். மயிரிழை இடைவெளியில் அரைபட்டு விளிம்பு வழியாக வெளியேறும். தட்டின் முகத்தில் மையத்திலிருந்து விளிம்பு வரை வரிவரியாக மேடும் பள்ளமும் இருக்கும். மேட்டுக்குப் பல் என்று பெயர். பள்ளத்துக்கு வாய்க்கால். வாய்க்காலில் இறங்கிய நார் பல்லில் படாமலே நழுவி ஓடிவிடக் கூடாது என்பதற்காக இடையிடையே குறுக்கே எழுப்பிய சிறு தடுப்புக்கு அணை. வெளிநாட்டுப் பெயர்களை எல்லாம் தள்ளிவிட்டு இப்படிப் பெயர் வைத்தது யோகராஜ். “வயக்காட்டுல இருக்கிறவனுக்கு இதைவிடவா வெளக்கம் வேணும்?” என்பார்.

கோயம்புத்தூரில் பெரிய காகித ஆலைகளுக்குத் தட்டு வரைந்து கொடுக்கும் கம்பெனி ஒன்றில் நெடுங்காலம் இருந்துவிட்டு, மச்சினன் மில் தொடங்கியதும் ஊருக்கு வந்தவர் அவர். மற்றவர்கள் மரக்கூழுக்கு வரைந்த தட்டில் நம் நாரை அரைப்பது, அடுத்தவன் செருப்பைப் போட்டுக்கொண்டு மலை ஏறுகிற மாதிரி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் மாடி அறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். பிறகு எட்டு மாதம் அவரை அங்கிருந்து எழுப்புவதே பெரும்பாடாக இருந்தது. பல் எத்தனை அகலம், எத்தனை சாய்வு, வாய்க்கால் எங்கே குறுக வேண்டும், அணை எத்தனை உயரம். சாப்பிடும்போது ரசத்தை இலையில் சாய்த்து, அது நரம்பு வழியே ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். “சோறு ஆறுது” என்றால் “ம்” என்பார். அந்த “ம்” அவளுக்கானது அல்ல.

அவர் உயிரோடிருந்த கடைசி எட்டு மாதத்தைச் சிவரஞ்சனி அந்தத் தட்டோடு பங்கு போட்டுக்கொண்டிருந்தாள். தட்டுக்குத்தான் பெரிய பங்கு. அது நன்றாக வந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள். அது தப்பு என்று உருக்கு உலைக்குப் போனால் அந்த எட்டு மாதமும் எங்கே போனது என்று யாரிடம் கேட்பது?

தட்டுகள் வார்த்து வந்ததும் பூட்டி ஒரு நாள் ஓட்டிப் பார்த்தார்கள். அன்று நன்றாகத்தான் அரைத்தது. அடுத்த வாரம், ஏலத்தண்டு பேசி முடிக்கப் போடிமெட்டுக்குப் போனவர், திரும்பி இறங்குகையில் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓரக்கல்லில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். காரியமெல்லாம் முடியும் வரை மில் பூட்டிக் கிடந்தது. மறுபடி நல்ல நாள் பார்த்துப் பூசை போட்டுத் திறந்த நாளிலிருந்து கூழ் இப்படித்தான் வருகிறது.

“அனுப்புறதுக்கு முன்னாடி மெசினைத் தொறந்து ஒரு தரம் பாத்துக்கிறேண்ணே,” என்றாள்.

“பாரேன். அதுல என்ன இருக்கு?”

மெஷின் ஓட்டுகிற மொக்கச்சாமி ஸ்பேனரோடு வந்தார். மில் தொடங்கிய நாள் முதல் இருக்கிறவர். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

“அக்கா, இது மூஞ்சியைப் பாக்க நீங்க ஒருத்தர்தான் ஆசைப்பட்டுக் கேட்டிருக்கீக. எங்க வீட்டுக்காரி என் மூஞ்சியக்கூட இப்படிக் கேட்டதில்ல.”

“ஒங்க மூஞ்சிக்குக் கதவு இல்லையே. எந்நேரமும் தொறந்துதான கெடக்கு.”

பக்கத்தில் நார் பிரித்துக்கொண்டிருந்த கருத்தம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிவரஞ்சனி வாயிலிருந்து இந்த மூன்று மாதத்தில் வந்த முதல் வேடிக்கைப் பேச்சு அது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால் மொக்கச்சாமியும் மறுபேச்சுப் பேசாமல் விட்டுக்கொடுத்தார்.

கதவு திறந்தது. ஹோஸ் தண்ணீரை அடித்துக் கழுவியதும் சுழலும் தட்டின் முகம் தெரிந்தது. சிவரஞ்சனி கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தாள். வேதியியல் படித்தவள்; முன்பு கல்லூரியில் பாடம் எடுத்தவள்; இப்போது மில்லில் சரக்கும் கூழும் சோதிப்பது அவள் பொறுப்பு. இரும்பு அவளுக்குப் பாடம் இல்லை. ஆனால் எட்டு மாதம் ஒரே வீட்டில் ஒரு படத்தோடு வாழ்ந்தவளுக்கு அந்தப் படம் தெரியாமல் போகாது. பற்கள் மையத்திலிருந்து நேராக ஓடாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. அந்தச் சாய்வுதான் யோகராஜின் யோசனையே. ஒரு பக்கம் சுற்றினால் பல் நாரை உள்நோக்கி இழுத்துப் பிடித்து நிறுத்தி அரைக்கும். மறுபக்கம் சுற்றினால் அரைபடுவதற்கு முன்பே வெளியே வீசிவிடும்.

ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு ஓரம் உண்டு. தட்டு எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கத்து ஓரம்தான் நாரை முதலில் சந்திக்கும். அதுதான் தேயும், அதுதான் மின்னும். அவள் விரலால் தடவிப் பார்த்தாள். இடது ஓரம் வார்ப்பில் வந்தபடியே மங்கலாக, சொரசொரப்பாக இருந்தது. வலது ஓரம் புதுக்காசு மாதிரி மின்னியது.

மின்ன வேண்டியது இடது ஓரம்.

அவள் வேறொரு பல்லைத் தடவினாள். அதுவும் அப்படித்தான். எதிர்த் தட்டைப் பார்த்தாள். அதிலும் தலைகீழ்.

“மொக்கண்ணே, மெசின் இப்ப எந்தப் பக்கம் சுத்துது?”

மொக்கச்சாமி ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்த ஸ்பேனர்.

“சுத்துதுக்கா. அது பாட்டுக்குச் சுத்துது.”

“எந்தப் பக்கம்னு கேட்டேன்.”

“நான் கூழைப் பாக்கிறவன். கரண்டு சோலியெல்லாம் பால்பாண்டிதான.”

எலெக்ட்ரீசியன் பால்பாண்டி கூப்பிட்ட குரலுக்கு வந்து நின்றான். அவளைக் கண்டதும், திறந்திருக்கும் கதவைக் கண்டதும், முகம் மாறியது. அவள் கேட்பதற்கு முன்பே, “மொதலாளி அண்ணாச்சிதான்க்கா சொன்னாக,” என்றான்.

“என்ன சொன்னாரு?”

“பூசை அன்னைக்கு. வலமாச் சுத்துற மாதிரி வயரை மாத்திருடான்னாக. ரெண்டு வயரை இடம் மாத்துனா முடிஞ்சுபோற சோலி. பழைய தட்டுக்குப் பல்லு நேரா இருக்கும்ல, எந்தப் பக்கம் சுத்தினாலும் ஒண்ணுதான். இதுவும் அப்படித்தான்னு நெனச்சுட்டேன்.”

“எல்லாருக்கும் தெரியுமா?”

கருத்தம்மாள் நாரைப் பிரிப்பதை நிறுத்தியிருந்தாள். ஆமாம், எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சிவரஞ்சனி ஒருத்தியைத் தவிர.

ஆபீஸ் அறையில் ராஜாராம் போனில் யாரிடமோ இன்னும் ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் உள்ளே வந்து நின்ற விதத்தைப் பார்த்து, போனை வைத்துவிட்டார்.

“மெசினை எதுக்குண்ணே மாத்திச் சுத்த விட்டீக?”

அவர் எதிர் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

“ஒங்க மதினி ஒரு பேச்சுப் பேசுனா,” என்றார் மெதுவாக. “இம்புட்டு நாளா வலமாச் சுத்துன மெசினு, மாப்ளே தட்டை மாட்டி இடமாச் சுத்த விட்டாரு, மறுவாரமே…ன்னு. நான் அதை ஒண்ணும் பெருசா எடுத்துக்கல. பொம்பளைக ஆயிரம் பேசுவாக. ஆனா…”

“ஆனா?”

“சுடுகாட்டுல குடத்தைத் தூக்கிக்கிட்டு இடமாச் சுத்தி வந்தான்ல மாப்ளேயோட அண்ணன் மகன். நான் பக்கத்துலயே நின்னேன். அதைப் பாத்துட்டு இங்க வந்து மெசினைப் போட்டா, இதுவும் அதே மாதிரி இடமாச் சுத்துது. என்னால நின்னு பாக்க முடியல, தாயி.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். “இதை எவனும் ஒங்கிட்டச் சொல்லல. நான்தான் சொல்ல வேணாம்னேன். இதை எப்படிச் சொல்றது ஒங்கிட்ட?”

அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே, கோபப்பட முடியாத ஏதோ ஒன்றும் வந்தது. அண்ணன் ஏதோ சகுனத்துக்குப் பயந்து செய்ததாக நினைத்துத்தான் இந்த அறைக்கு வந்தாள். பயம் இல்லை இது. தன்னைப் போலவே இவரும் எங்கேயோ கண்ணை மூடிக்கொண்டு இந்த மூன்று மாதத்தைக் கடந்திருக்கிறார்.

“கதவுப் பக்கம் நின்னு பாத்தா இடமாச் சுத்தும்ண்ணே,” என்றாள் கடைசியில். “அதே மெசினை மோட்டார்ப் பக்கம் நின்னு பாத்தா வலம்தான்.”

ராஜாராம் நிமிர்ந்தார். கையால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். பிறகு உடம்பைத் திருப்பி இன்னொரு வட்டம். விரல் பாதியில் நின்றது.

“அட, ஆமா,” என்றார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. “பூசாரியும் கதவுப் பக்கம்தான் நின்னாரு.”

“வயரை மாத்திறச் சொல்லவா?”

“சொல்லு. வெரசாச் சொல்லு. சனிக்கிழமை லாரியையும் வேணாம்னுருவோம்.”

“பாத்துட்டுச் சொல்லுவோம்ண்ணே.”

பால்பாண்டி வயரை மாற்றினான். மெஷினை மூடி, கூழைத் திறந்துவிட்டு, மொக்கச்சாமி இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். சத்தமே வேறாக இருந்தது. இதுவரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்த மெஷின் இப்போது அடித்தொண்டையில் முனகியது. வெளியே வந்த கூழ் கெட்டித்தயிர் நிறத்தில், கனமாக விழுந்தது. சிவரஞ்சனி கைநிறைய அள்ளிப் பிழிந்தாள். தண்ணீர் சட்டென்று விடவில்லை. நார் தண்ணீரைப் பிடித்துக்கொண்டது. விரல் இடுக்கில் திரி ஒன்றுகூட அகப்படவில்லை.

“யோகண்ணே!” என்று மொக்கச்சாமி மெஷினைப் பார்த்துக் கத்தினார். “ஒம்மை உருக்கப் பாத்தாகளே, பாத்தீகளா!”

கருத்தம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ராஜாராம் எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கிவர ஆள் அனுப்பினார். சிவரஞ்சனி சுவரோரம் கிடந்த நார்க்கட்டின் மேல் உட்கார்ந்தாள். தப்பில்லை, தப்பில்லை என்று மனசுக்குள் ஒன்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. வெகு நாளைக்குப் பிறகு வடையை முழுதாகச் சாப்பிட்டாள்.

டீ டம்ளர்களைக் கழுவி வைப்பதற்குள் மோட்டாரின் மின்சார அளவைக் காட்டும் முள் ஏறத் தொடங்கியது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு கூழ் விழுவது மெலிந்தது. மெஷின் முனகலை விட்டுவிட்டு வேறு குரலில் கத்த ஆரம்பித்தது. மொக்கச்சாமி ஓடிப்போய் இடைவெளியை அகட்டினார், கேட்கவில்லை. நிறுத்தினார்கள்.

கதவைத் திறந்தபோது ஆவி அடித்தது. தட்டின் வெளிவட்டம் சுத்தமாக இருந்தது. உள்வட்டத்தில் வாய்க்கால்களையே காணோம். வாழைநார் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கயிறாகி, ஒவ்வொரு அணையிலும் தலையை மாட்டிக்கொண்டு அடைத்திருந்தது. மொக்கச்சாமி கம்பியால் நோண்டினார். கம்பிதான் வளைந்தது.

“இது வயர் கோளாறு இல்லக்கா,” என்றார். அவர் குரலில் இப்போது வேடிக்கை இல்லை.

அவளுக்கும் தெரிந்தது. தெரிந்த அந்த நிமிடத்தில் ஒரு பழைய பேச்சும் நினைவுக்கு வந்தது. வரைபடம் முடியும் தறுவாயில் ஒரு மாலை. அவள் நாரின் நீளம் அளந்து வைத்திருந்தாள். “ஏலத்தண்டுக்கு இது சரிங்க. வாழைநாரு இதைவிட நீளம். இம்புட்டு நெருக்கமா அணை வச்சா மாட்டும்” என்று சொன்னாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார். “வாழை நாரைக் கயிறு திரிக்கிறவனும் பை பின்றவனும் வாங்கிட்டுப் போயிருவான், ரஞ்சி. இன்னும் ரெண்டு வருசத்துல நமக்கு ஏலத்தண்டு மட்டுந்தான்.” அவர் சொன்னது ஒரு நாள் நடக்கலாம், ஆனால் இந்த வருஷம் நடக்கவில்லை. மழை விடாமல் பெய்து மலையிலிருந்து ஏலத்தண்டு லோடு இறங்கவே இல்லை. மில்லுக்கு வருவது முழுக்க வாழைநார். வலமாகச் சுற்றியபோது நாரை வெளியே வீசிக்கொண்டே இருந்ததால் அடைப்பு தெரியவில்லை. முதல் நாள் யோகராஜ் ஓட்டிப் பார்த்தது ஏலத்தண்டை.

அன்று அவளும் அதற்கு மேல் பேசவில்லை. அவருக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டாள். இன்று தான் சொன்னது சரியாகப் போனதில் அவளுக்கு ஒரு துளி மகிழ்ச்சிகூட இல்லை. சரியாகப் போகாமலே இருந்திருக்கலாம். அல்லது, இதைச் சொல்லிக் காட்ட அவர் இருந்திருக்கலாம். “பாத்தீங்களா?” என்று ஒரு வார்த்தை. “சரி, சரி, பெரிய விஞ்ஞானி” என்று அவர் முகத்தைச் சுளிப்பார். அது போதும் அவளுக்கு.

ராஜாராம் தட்டின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு அவள் தோளைத் தொட்டார்.

“விடு ஆத்தா. மாப்ளே தப்புப் பண்ணலைன்னு எல்லாரும் கண்ணால பாத்தாச்சு. அந்தக் கூழு மாதிரி இந்த மில்லுல வந்ததே கெடையாது. உருக்கல்லாம் வேணாம். பழைய தட்டை மாட்டிச் சீசனை ஓட்டுவோம். இதை நல்லாக் கழுவி, ஆபீஸ்ல மாப்ளே படத்துக்குக் கீழ மாட்டி வைப்போம். சந்தனம் வச்சு, மாலை போட்டு. பாக்கிறவனுக்கெல்லாம் தெரியட்டும்.”

அவர் மனசாரச் சொன்னார். அவளுக்குச் சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. சுவரில் மாட்டிய தட்டை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அது அடைக்காது, தேயாது, தப்பாது. யோகராஜ் அதில் என்றைக்கும் கெட்டிக்காரராகவே இருப்பார். காலையில் அவள் மனசு இதைத்தானே கேட்டது?

ஆனால் மாலை போட்டு மாட்டிய யோகராஜ் ஒருவர் ஏற்கெனவே அந்தச் சுவரில் இருந்தார். அவரோடு அவள் பேசுவதில்லை. படத்துக்குள் இருப்பவர் எதற்கும் மறுத்துப் பேச மாட்டார். ரசத்தை இலையில் ஓடவிட மாட்டார். அவள் பேசிக்கொண்டிருந்தது வேறு ஒருவரோடு. காலையில் பல்லின் ஓரத்தை விரலால் தடவியபோது பேசினாள். சற்று முன்பு கயிறாகிப்போன நாரைப் பார்த்தபோதும் பேசினாள். அந்த மனிதர் தப்புச் செய்யக்கூடியவர். அதனால்தான் அவரோடு இன்னும் பேச முடிகிறது.

“வேணாம்ண்ணே,” என்றாள்.

“என்ன வேணாம்?”

“மாட்டவும் வேணாம், உருக்கவும் வேணாம். ரெண்டும் ஒண்ணுதான். உள்வட்டத்துல அணையை அறுத்து எடுத்துருவோம். ஒண்ணு விட்டு ஒண்ணு.”

ராஜாராம் பின்வாங்கினார். “அவரு கையால போட்டதுல கை வைக்கிறதா? அவரு ஓசிச்சு ஓசிச்சு வச்சது தாயி ஒவ்வொண்ணும்.”

“ஆமா. இதுல தப்பா ஓசிச்சுட்டாரு.”

அவள் அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டாள். கூரை இடியவில்லை. கருத்தம்மாள் மட்டும் “யாத்தே” என்றாள், மூச்சுக்குள்.

“அவரு இருந்திருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்போம்ண்ணே. என்ன, ரெண்டு நாள் சண்டை போட்டுட்டுச் செஞ்சிருப்போம்.”

தட்டைக் கழற்றிக் கொட்டகைக்கு வெளியே மரப்பலகை மேல் கிடத்தினார்கள். மழை விட்டிருந்தது. முந்தல் பக்கத்து மலையில் மேகம் பாதி வரை இறங்கி நின்றது. மலையேறிய ஜீப்புகள் வேலை முடிந்த பெண்களோடு திரும்பிக்கொண்டிருந்தன. சிவரஞ்சனி சாக்பீஸோடு குனிந்தாள். முதல் அணையில் கோடு போடக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அதன் ஓரத்தை அவர் ஏன் இவ்வளவு சரிவாக வைத்தார் என்று யோசித்தாள். நார் ஏறித் தாண்டட்டும் என்றுதான். நீளநார் ஏறுமே தவிர இறங்காது. கோடு போட்டாள். அடுத்தது எளிதாக இருந்தது.

மொக்கச்சாமி கிரைண்டரை வைத்தார். கெட்டியான வார்ப்பு, லேசில் மசியவில்லை. பொறி அவர் முழங்கால் வரை பறந்தது. ஒரு அணை போவதற்குள் சக்கரம் ஒன்று தேய்ந்தே போனது.

“இம்புட்டுக் கெட்டியா வார்த்திருக்காக,” என்று பல்லைக் கடித்தார். “யோகண்ணே விட்டுக்குடுக்க மாட்டேங்கிறாருக்கா.”

“அவரு எப்ப விட்டுக்குடுத்தாரு?”

பால்பாண்டி கைமாற்றிக்கொண்டான். பிறகு அவளே கொஞ்ச நேரம் பிடித்தாள். கிரைண்டரின் அதிர்வு தோள் வரை ஏறியது. உள்வட்டம் முடிந்து வெளிவட்டத்துக்கு வந்தபோது அவள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டாள். அங்கேயும் ஒரு வரிசை அணை இருந்தது. நெருக்கமாகவே இருந்தது.

இதுவரை தள்ளி நின்ற ராஜாராம் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். “இதை ஏன் விட்டுட்டே? இதையும் எடுத்துற வேண்டியதுதான? அரை மனசா எதுக்கு?”

“அரை மனசெல்லாம் இல்லண்ணே. இங்க வர்றதுக்குள்ள நாரு பாதி அரைபட்டுப் போயிருக்கும். இங்க அவரு கணக்கு சரியாக்கூட இருக்கும். எனக்குத் தெரியல.”

“தெரியலைன்னா?”

“ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும். ரெண்டு மூட்டை நாரு போதாது. மழை விட்டு ஏலத்தண்டு வரட்டும், அதையும் போட்டுப் பாக்கணும். அப்பவும் எடுக்கணும்னு தோணுச்சுன்னா எடுப்போம்.”

“மாப்ளே மாதிரியே பேசுறே,” என்றார் ராஜாராம். “நாளைக்குக் கடைக்காரனுக்கு என்ன சொல்ல?”

“அட்டை வரும்னு சொல்லுங்க. எப்படி வரும்னு மட்டும் சொல்லாதீங்க.”

தட்டை மறுபடி பூட்டும்போது பால்பாண்டி ஒரு முறைக்கு இரண்டு முறையாக வயரைச் சரிபார்த்தான். “இடம்தானக்கா?” என்று எதற்கும் கேட்டுக்கொண்டான். ராஜாராமைப் பார்த்தான். ராஜாராம் தலையசைத்துவிட்டு, கதவுப் பக்கமே நின்றார், நகரவில்லை.

மெஷின் கிளம்பியது. முதலில் இருந்த முனகல் இல்லை. காலையில் கேட்ட கலகலப்பும் இல்லை. இது வேறொரு சத்தம், இதற்கு முன் யாரும் கேட்காதது. சிவரஞ்சனி மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முள் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே, வெளிவட்டத்தைப் பற்றி யோகராஜிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்க ஆரம்பித்தாள். அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். அதற்கும் ஒரு பதிலைத் தேடிவைத்தாள்.